முதல் பயனாளி

எனக்குக் கோபம் வந்தால் டீயில் சர்க்கரை கூடிவிடும். போன வருடம் முழுக்க என் கடையில் டீ குடித்தவர்களுக்கு இது தெரியும். கேரள எல்லைக்குள் தனுவச்சபுரம் போகிற ரோட்டில், காலேஜ் பிள்ளைகள் பஸ்ஸுக்கு நிற்கும் வளைவில் என் கடை. எதிரே முன்பு ரப்பர் விளை, அதாவது ரப்பர் தோட்டம் இருந்தது. இப்போது அங்கே எல்லை மண்டல வாகனப் பராமரிப்பு மிஷனின் மாதிரி மையம் இருக்கிறது. மாதிரி என்றால், இதைப் பார்த்து மற்ற ஊர்க்காரர்களும் கட்ட வேண்டுமாம். கட்டட்டும். அந்த ஊர்களிலும் எதிரே ஒரு டீக்கடைக்காரி இருப்பாள், அவளும் பார்த்து வயிறெரியட்டும்.

வேனைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பக்கத்துப் பஞ்சாயத்துக்கு வெள்ளை வேன் ஒன்று உண்டு. கிட்னி கெட்டுப்போனவர்களை வீட்டிலிருந்து ஏற்றி, நெய்யாற்றின்கரையில் டயாலிசிஸுக்கு விட்டு, முடிந்ததும் திரும்ப வீட்டு வாசலில் இறக்குகிற வேன். ஓட்டுகிறவன் மோகனன். திருவிழாக் கூட்டத்தில் யார் காலையாவது மிதித்துவிட்டால் ஒரு வாரம் வருத்தப்படுகிற ஆள். வேனில் போய்வருகிறவர்களில் பொழியூர்ப் பக்கத்து ஈசாக் அண்ணனும் அவர் மனைவி விமலகுமாரியும் எனக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள். அண்ணன் உச்சக்கடையில் தையல்கடை வைத்திருந்தவர். அந்தப் பக்கத்துச் சபைகளில் பாடகர் குழுவுக்கு அங்கி தைக்க வேண்டுமென்றால் அவரைத்தான் தேடிப் போவார்கள்.

திங்கள், புதன், வெள்ளி. இந்த மூன்று நாளும் டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது வேன் என் கடை முன்னால் நிற்கும். அண்ணனுக்கு டாக்டர் தண்ணீரே அளந்துதான் குடிக்கச் சொல்லியிருந்தார். அதனால் அவருக்கு எப்போதும் பாதி கிளாஸ் டீ. அந்தப் பாதியை அரை மணி நேரம் குடிப்பார். குடித்துக்கொண்டே என் ஜாக்கெட்டின் கைத்தையல் கோணலாக இருப்பதைச் சொல்லிச் சிரிப்பார். அதைத் தைத்தது நான்தான் என்பது அவருக்குத் தெரியும்.

ஒருநாள் வேனின் கிளட்ச் கெட்டது. முன்பெல்லாம் வேனுக்கு ஏதாவது வந்தால் மோகனன் உதியன்குளங்கரைப் பக்கம் சோமனின் வொர்க்‌ஷாப்பில் கொண்டு விடுவான், சாயந்தரம் எடுத்துக்கொண்டு வருவான். இந்த முறை அது நடக்கவில்லை. எல்லை மண்டலத்தில் உள்ள பொது வண்டி எதுவானாலும் மிஷனின் மையத்தில் மட்டும்தான் பழுது பார்க்க வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. மையம் எங்கே இருக்கிறது என்று மோகனன் கேட்டிருக்கிறான். இந்த விளையைக் காட்டிவிட்டார்கள். நாலு பேர் தள்ள, வேன் ரப்பர் மரங்களுக்கு நடுவே வந்து நின்றது. மோகனன் வேர்த்துப்போய் என் கடைக்கு வந்து உட்கார்ந்தான்.

"இங்கதான் நேராக்குவாவளாம் சேச்சி" என்றான்.

ஆள் அரவமே இல்லையே, எங்கே வைத்து நேராக்குவார்கள் என்று கேட்டேன். அவன் மரங்களைப் பார்த்தான். "இனிமேதான் கெட்டுவாவ."

அடுத்த வாரமே கல்லிடல் நடந்தது, அடிக்கல் நாட்டு விழாவை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். சும்மா சொல்லக்கூடாது, பந்தலும் நிலவிளக்கும் செண்டை மேளமுமாக நன்றாகவே நடந்தது. மிஷனின் டைரக்டர் ஆனந்தபாய் மேடம் அன்றுதான் முதலில் வந்தார். நல்ல கைத்தறிப் புடவை, மெல்லிய குரல், யாரிடமும் முகம் சுளிக்காத அம்மாள். அதுதான் பெரிய கஷ்டம். கத்துகிற ஆளாக இருந்தால் பதிலுக்கு நாமும் கத்தலாம். அவர் மலையாளத்தில் பேசியதை எனக்குத் தெரிந்த தமிழில் சொல்கிறேன்.

"இந்த வேன் நமக்குக் கிடைத்த பாக்கியம். வழக்கமாக மையத்தைக் கட்டிவிட்டு வண்டி வருமா என்று காத்திருப்போம். இங்கே வண்டி முதலிலேயே வந்து நமக்காகக் காத்திருக்கிறது. இதைவிடத் தேவைக்கு என்ன சாட்சி வேண்டும்? அவசரப்பட்டு இதை நேராக்கி அனுப்பிவிட்டால் அந்தத் தேவையே இல்லாமல் போய்விடும்."

எல்லாரும் கைதட்டினார்கள். மோகனனும் தட்டினான். பிறகு என்னிடம் வந்து, மேடம் சொன்னது நமக்கு நல்லதா கெட்டதா என்று கேட்டான். எனக்கு எங்கே தெரியும், நான் வடை போட்டுக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் திட்டமிடல் தொடங்கியது. அதற்கென்றே ஜித்தின் என்று ஒரு கன்சல்டன்ட் வந்தான். பெங்களூரில் படித்த பிள்ளை, மரியாதை தெரிந்தவன், டீ குடித்தால் கிளாஸைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவான். அவன் பாறசாலையில் ஒரு மண்டபம் பிடித்து, பயன்பெறுவோர் கூட்டம் என்று ஒன்று நடத்தினான். நேரில் போய்ச் சொன்னால் வேன் சீக்கிரம் கிடைக்கும் என்று மோகனன் சொன்னதை நம்பி ஈசாக் அண்ணனும் விமலகுமாரியும் போனார்கள். அது ஒரு புதன்கிழமை. டயாலிசிஸை விட்டுவிட்டுத்தான் போனார்கள்.

அங்கே ஆளுக்கொரு மஞ்சள் துண்டுக் காகிதம் கொடுத்து, இந்த வண்டி உங்களுக்கு என்ன உணர்வைத் தருகிறது என்று எழுதச் சொன்னார்களாம். அண்ணன் யோசித்து, திங்கள், புதன், வெள்ளி என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். ஜித்தின் அதை வாங்கி இரண்டு தடவை வாசித்துவிட்டு, சுவரில் 'கனவுகள்' என்று போட்டிருந்த இடத்தில் ஒட்டினான். மத்தியானம் மீன்கறியோடு சாப்பாடு போட்டார்கள். அதில் அண்ணன் தொடக்கூடியது எதுவும் இல்லை. மறுநாள் அவருக்குக் கால் இரண்டும் வீங்கிவிட்டது.

பஞ்சாயத்து வேறு வண்டியை வாடகைக்குப் பிடித்தால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். பஞ்சாயத்துக்குத்தான் வேன் இருக்கிறதே, இருக்கிற வேனுக்கு மேல் இன்னொன்று எதற்கு என்றார்கள். சரி, இந்த வேன் ஓடாது என்று எழுதிக் கொடுங்கள் என்றால், அப்படி எழுதிக் கொடுக்கிற அதிகாரம் மையத்துக்கு மட்டும்தான் உண்டாம். மையம் கட்டி முடிந்ததும் முதல் வேலையாக எழுதித் தருகிறோம் என்றார் மேடம். இதைச் சொல்லும்போதும் சிரித்த முகம்தான்.

ஆக, அண்ணனுக்குப் பஸ் என்று ஆகிவிட்டது. பொழியூரிலிருந்து ஒரு பஸ், நடுவில் இறங்கி இன்னொரு பஸ். போகும்போதாவது பரவாயில்லை. டயாலிசிஸ் முடிந்த உடம்பைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பிழிந்து போட்ட துணி மாதிரி இருக்கும். அந்த உடம்போடு பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துப் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். விமலகுமாரி பின்னால் நின்று அவர் இடுப்பைப் பிடித்திருப்பாள். என் கடை வளைவில் பஸ் நிற்கும்போது ஜன்னல் வழியாகப் பார்த்துத் தலையசைப்பார். இறங்கிப் பாதி டீ குடித்தால் மறுபடியும் ஏற முடியாது. இறங்கமாட்டார். மழையென்றோ பஸ் வரவில்லையென்றோ சில புதன்கிழமைகள் விட்டுப்போயின. அப்படி விட்டுப்போகிற ஒவ்வொரு நாளும் அவர் முகத்தில் தெரியும். நான் இங்கே டீயில் சர்க்கரையை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

எதிரே மோகனன் தினமும் காலையில் வந்து வேனில் ஏறி உட்காருவான். வண்டி இருக்கிற இடத்தில் டிரைவர் இருக்க வேண்டும் என்பது அவன் வேலையின் சட்டம். இதற்கிடையில் ஜித்தினின் ஆட்கள் அந்த வேனை 'அடிப்படை வண்டி' ஆக்கிவிட்டார்கள். வரைபடம் முழுக்க அந்த வேன் நிற்கிற இடத்தை வைத்துத்தான் போட்டிருக்கிறார்கள், அதனால் வேன் ஒரு விரல்கூட நகரக்கூடாது. சுற்றிலும் சுண்ணாம்புக்கோடு, கோட்டுக்கு வெளியே கயிறு, கயிற்றுக்கு வெளியே விசிலோடு ஒரு வாட்ச்மேன். மோகனன் உள்ளே உட்கார்ந்து சீட்டுகளைத் துடைப்பான். ஈசாக் அண்ணன் சாய்ந்து உட்கார்கிற சீட்டை இரண்டு தடவை துடைப்பான்.

கர்க்கடகத்து மழை, உங்கள் ஆடி மாதத்து மழை, விடாமல் பெய்தது. வேன் மேல் ரப்பர் இலை விழுந்து மூடியது. என் கோழி ஒன்று அடியில் போய் முட்டையிட்டு அடைகாக்கவே தொடங்கிவிட்டது. மாதக்கணக்காக ஒரே இடத்தில் நின்ற வண்டியின் டயர்கள் நான்கும் மெல்ல மெல்லக் காற்றிறங்கி மண்ணில் உட்கார்ந்தன. இது ஒருநாளில் நடந்ததல்ல. அதனால் யார் கண்ணிலும் படவில்லை. தினமும் பார்க்கிற முகத்தில் நரை விழுவது தெரியாதே, அப்படித்தான்.

மழை விட்டதும் அளவெடுக்க வந்தார்கள். மையத்தின் வாசல் எவ்வளவு உயரம் வைப்பது என்பதில் ஆனந்தபாய் மேடம் கண்டிப்பாக இருந்தார். மிஷன் வேறெங்கோ கட்டிய ஒரு கட்டடத்தில் வாசல் அளவுக்கு மீறி உயரமாகிவிட்டது என்று தணிக்கையில் குறை எழுதியிருந்தார்களாம். இந்தத் தடவை ஒரு விரற்கடைகூட வீணாகக் கூடாது, வண்டிக்கு எவ்வளவு உயரமோ வாசலுக்கும் அவ்வளவு போதும், மேலே இரண்டு விரல் இடைவெளி என்றார். ஜித்தின் ஏணி கொண்டுவரச் சொன்னான். மேலே ஏறி டேப்பைப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. மோகனன்தான் ஏறினான். அத்தனை மாதத்தில் அவனிடம் அவர்கள் கேட்ட முதல் உதவி அது. முகமெல்லாம் சிரிப்பாக டேப்பின் நுனியைக் கூரையில் அழுத்திப் பிடித்தான். ஜித்தின் கீழே மண்வரை இழுத்துப் பார்த்துச் சொன்னான், இன்னொருவன் குறித்துக்கொண்டான், மேடம் சரி பார்த்தார். நான் எல்லாருக்கும் டீ கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அங்கேயே நின்று பார்த்தேன். டயரை யாரும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

அப்புறம் கட்டடம் எழுந்தது. வேன் நகரக்கூடாது என்பதால் வேனைச் சுற்றியே தூண் எழுப்பி, அதன் மேலேயே கூரை போட்டார்கள். பெரிய வேலைதான், இல்லையென்று சொல்லவில்லை. வாடிக்கையாளர் காத்திருக்க ஏசி ஹால். டிரைவர்கள் மனதை அமைதிப்படுத்திக்கொள்ள ஒரு அறை. பயிற்சி அரங்கம். டைரக்டருக்கு ரப்பர் விளையைப் பார்த்த மாதிரி ஒரு அறை, விளையை வெட்டிவிட்டதால் என் கடையைப் பார்த்த மாதிரி ஆகிவிட்டது. சுவர் முழுக்கக் கிளட்சின் படம் வரைந்திருந்தார்கள், நல்ல வர்ணம்.

மெக்கானிக் எப்போது வருவார் என்று மோகனன் கேட்டான். இரண்டாம் கட்டத்தில் என்றார் மேடம். முதல் கட்டத்திலேயே ஏன் கூடாது என்று அவன் கேட்டுவிட்டான், அவன் கேட்டதே பெரிய விஷயம். மேடம் அவன் தோளைத் தட்டாத குறையாகச் சொன்னார்: "மெக்கானிக் வந்தால் வந்த உடனே வேலையைத் தொடங்கிவிடுவார், மோகனன். அப்புறம் திட்டமிட யாருக்கு நேரம் கிடைக்கும்?"

இந்தச் சமயத்தில் மேடத்தின் காரில் ஏதோ சத்தம் வந்தது. அவருடைய டிரைவர் அதை நேராக சோமனின் வொர்க்‌ஷாப்பில் கொண்டு விட்டான். மத்தியானம் விட்டது, சாயந்தரம் வந்துவிட்டது. இங்கே இவ்வளவு பெரிய மையம் இருக்கும்போது அங்கே எதற்குப் போனாய் என்று அவனைக் கேட்டேன். "இது அவசரமாக்கும் அக்கா" என்றான் அவன். அன்று அவனுக்குப் போட்ட டீயை அவனால் குடிக்க முடியவில்லை.

விமலகுமாரி ஒருநாள் பொறுக்க முடியாமல் மேடத்தைப் பார்க்க வந்தாள். சபைக்குப் போகும்போது கட்டுகிற வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். என்னையும் துணைக்குக் கூப்பிட்டாள். ஏசி ஹாலில் எங்களை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, மேடமே எழுந்து வந்தார்.

"எங்களுக்குக் கெட்டடம் ஒண்ணும் வேண்டாம் மேடம்" என்றாள் விமலகுமாரி. "அந்த வண்டிய மட்டும் தாருங்க. நேராக்காண்டாம், நாங்க வெளிய கொண்டுபோய் நேராக்கியோம். அவருக்கு இப்பம் மூச்சு முட்டுது."

மேடம் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்கள் இன்றைய தேவையைப் பார்க்கிறீர்கள் அம்மா. நாங்கள் இருபது வருடத் தேவையைப் பார்க்கிறோம். இருபது வருடம் கழித்து உங்கள் கணவருக்கு இந்த மையம் எவ்வளவு பயன்படப் போகிறது என்று யோசித்துப் பாருங்கள்."

விமலகுமாரி யோசித்துப் பார்த்தாள். நானும் அவளும் வெளியே வந்தோம். கடைக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் அவள் அழுதாள்.

ஒருவழியாகத் திறப்புவிழா நாள் வந்தது. பெரிய பிரமுகர் வருகிறார், அடிப்படை வண்டி மையத்திலிருந்து புறப்பட்டு வருவதை எல்லாரும் பார்க்க வேண்டும், அதில் ஒரு நோயாளி உட்கார்ந்திருக்க வேண்டும். வேன் ஓட வேண்டுமே. முந்தின நாள் மத்தியானம் கேட்டைச் சாத்திவிட்டு சோமனை வரவழைத்தார்கள். நான் இரண்டு ஈடு பருப்புவடை போட்டு எடுப்பதற்குள் கிளட்சைச் சரிபண்ணி, டயர் நான்குக்கும் காற்றடித்துவிட்டு, வந்த பைக்கிலேயே போய்விட்டான். மோகனன் ரோட்டைத் தாண்டி ஓடிவந்தான். அவன் கண் கலங்கியிருந்தது.

"சேச்சி, வந்து பாருங்க. வண்டி நல்ல நிமிந்து நிக்கிது."

எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்போதும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை பாருங்கள்.

விழா வெள்ளிக்கிழமை. அதற்கு முந்தின புதன்கிழமை பஸ் ஓடவில்லை, ஈசாக் அண்ணனுக்கு டயாலிசிஸ் விட்டுப்போயிருந்தது. வெள்ளியை விடவே முடியாது. மேடம் போன் பண்ணி, விழாவிலிருந்து வேன் நேராக நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குத்தான் போகும், அண்ணன்தான் அதில் வர வேண்டும் என்று வாக்குக் கொடுத்திருந்தார். அந்த வாக்கை நம்பி இருவரும் வந்தார்கள். வேனில் ஏறுவதற்காக இரண்டு பஸ் மாறி வந்தார்கள். அண்ணன் தானே தைத்த நீலச் சட்டையைப் போட்டிருந்தார். கழுத்துப் பட்டன் பூட்டவில்லை, கழுத்து வீங்கியிருந்தது.

அவரை வேனில், அவருடைய சீட்டில் உட்காரவைத்தார்கள். பிறகு கூட்டம் ஆரம்பித்தது. வரவேற்புரை, தலைமையுரை, திறப்புரை, அப்புறம் வாழ்த்துரை சொல்ல வரிசையாக ஆட்கள். கட்சிக்கு ஒருவர், சங்கத்துக்கு ஒருவர், எதிலும் சேராதவர்கள் சார்பில் ஒருவர். வெயில் ஏறியது. வேனுக்குள் விமலகுமாரி முந்தானையால் விசிறிக்கொண்டே இருந்தாள். போட்டோக்காரன் வந்து, சிரியுங்கள் என்றான். அண்ணன் ஜன்னலில் கையை வைத்துச் சிரித்தார். நன்றாகவே சிரித்தார். எத்தனையோ மாதத்துக்கு அப்புறம் நின்றுகொண்டு போக வேண்டாத ஒரு பயணம் அவருக்குக் கிடைக்கப் போகிறதல்லவா.

பிரமுகர் கொடியை அசைத்தார். மோகனன் வண்டியை எடுத்தான். செண்டை முழங்கியது. வேன் வாசல்வரை அழகாக வந்தது, பிறகு மேலே கரகரவென்று ஒரு சத்தம், நின்றுவிட்டது. வேனின் கூரை வாசலின் மேல்விட்டத்தில் சிக்கியிருந்தது. மோகனன் பின்னால் எடுத்தான், மறுபடி முன்னால் வந்தான், மறுபடி அதே சத்தம். செண்டைக்காரர்கள் நிறுத்துவதா வேண்டாமா என்று தெரியாமல் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். ஜித்தின் வாசலைப் பார்த்தான், வேனைப் பார்த்தான், கடைசியில் டயரைப் பார்த்தான்.

ஈசாக் அண்ணன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி மேலே பார்த்தார். தையல்காரர் அல்லவா, அவருக்கு உடனே புரிந்துவிட்டது. "அளவெடுக்கும்பம் ஆளு குனிஞ்சு நின்னுருக்கு மக்கா" என்றார் மோகனனிடம். சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்துவிட்டது.

ஆனந்தபாய் மேடம் மைக்கை வாங்கினார். நான் நினைத்தேன், இப்போதாவது ஒரு வார்த்தை தப்பாகிவிட்டது என்று சொல்லுவார் என்று. அவர் சொன்னது இது:

"எல்லாரும் நன்றாகப் பாருங்கள். இந்த வண்டி நம்மிடம் வந்தபோது இருந்த உயரம் இந்த வாசலின் உயரம். இன்று வண்டி வாசலைவிட உயர்ந்து நிற்கிறது. நம் மையம் தொட்ட எதுவும் உயரும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை, இந்த விட்டமே சொல்கிறது."

கைதட்டினார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், கைதட்டினார்கள்.

பிரமுகருக்கு அடுத்த விழாவுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. வண்டி எப்படியாவது வெளியே வந்தாக வேண்டும். காற்றைப் பிடுங்கிவிடுங்கள் என்றார் மேடம். நான்கு பேர் நான்கு டயரிலும் உட்கார்ந்து பிடுங்கினார்கள். வேன் மெல்ல மெல்லத் தாழ்ந்தது, பழைய உயரத்துக்கு வந்தது. மோகனன் ஓட்ட, பின்னால் ஆட்கள் தள்ள, தட்டைச் சக்கரத்தில் தடக் தடக்கென்று வெளியே வந்தது. ரிப்பன் அறுந்தது, பூ தூவினார்கள். போட்டோ எடுத்து முடிந்ததும் பிரமுகர் காரில் ஏறிவிட்டார்.

மோகனன் இறங்கி ஓடிப்போய், காற்றடிக்கிற மெஷின் எங்கே என்று கேட்டான். அது இரண்டாம் கட்டம். சோமனைக் கூப்பிடட்டுமா என்று கேட்டான். அப்போது ஜித்தினின் ஆட்களில் ஒருவன் சட்டத்தை நினைவுபடுத்தினான். மையத்தின் வாசலில் ஓட முடியாத நிலையில் ஒரு பொது வண்டி நின்றால் அதை உடனே உள்ளே எடுக்க வேண்டும், வேறு யாரும் தொடக்கூடாது. மேடத்தின் முகம் மலர்ந்தது. திறந்த அன்றே முதல் வண்டி வந்துவிட்டதே. உள்ளே ஆள் இருக்கிறார் என்று ஜித்தின் மெதுவாகச் சொன்னான். அவர் இறங்கிக்கொள்ளட்டும், நாம் எடுப்பது வண்டியைத்தானே என்றார் மேடம்.

விமலகுமாரியும் மோகனனும் அண்ணனைத் தாங்கி இறக்கி என் கடை பெஞ்சில் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். எதிரே ஏலேலோ போட்டு வேனை உள்ளே தள்ளினார்கள். தட்டைச் சக்கரத்தோடு வாசலுக்குள் அச்சாக நுழைந்தது. ரோடு முழுக்க விருந்தினர் கார்கள், ஆட்டோ உள்ளே வர வழியில்லை. நான் அண்ணனுக்குப் பாதி டீ போட்டுக் கொடுத்தேன். கையில் வாங்கினார், குடிக்கவில்லை. பதற்றத்தில் சர்க்கரையே போடாமல் கொடுத்திருக்கிறேன் என்று கிளாஸைக் கழுவும்போதுதான் தெரிந்தது.

மோகனன் ஜங்ஷன்வரை ஓடி ஆட்டோ பிடித்து வந்தபோது நேரம் போயிருந்தது. நெய்யாற்றின்கரைக்குப் போய்ச் சேரும்போது அண்ணனுக்கு மூச்சே பிடிபடவில்லை. ஆக்சிஜன் வைத்துத் திருவனந்தபுரத்துக்கு ஆம்புலன்ஸில் அனுப்பினார்கள். பாலராமபுரம் தாண்டும்போது அவர் போய்விட்டார். விமலகுமாரி அதற்கப்புறமும் திருவனந்தபுரம்வரை அவர் கையைத் தடவிக்கொண்டே போயிருக்கிறாள்.

பத்து நாளில் மையத்தின் கேட்டில் ஆளுயரத்துக்கு மேல் ஒரு பிளெக்ஸ் கட்டினார்கள். வேனின் ஜன்னலில் கை வைத்து ஈசாக் அண்ணன் சிரிக்கிற படம். மலையாளத்தில் பெரிதாகவும் தமிழில் சிறிதாகவும் கீழே எழுதியிருந்தது: 'எங்கள் முதல் பயனாளி'. இறந்துபோன மனிதர் என்று மோகனன் போய்ச் சொன்னான். அப்படியானால் இன்னும் பொருத்தம், நினைவாகவும் இருக்கும் என்று சொல்லியனுப்பினார்கள். அவன் அன்று வேனில் ஏறி உட்காரவில்லை. என் கடைக்குப் பின்னால் போய் ரொம்ப நேரம் நின்றான்.

சபையில் நினைவு ஜெபக்கூட்டம் வைக்கிற நாள் நெருங்கியபோது விமலகுமாரி மறுபடி வந்தாள். கேட்டில் அந்தப் படத்தைப் பார்த்து நின்றுவிட்டு உள்ளே போனாள். நானும் பின்னாலேயே போனேன். ஜெபக்கூட்டத்தில் வைக்க அந்தப் படம் வேண்டும் என்று கேட்டாள்.

"எனக்க கையில உள்ள படத்தில எல்லாம் அவருக்க மொகம் வீங்கி இருக்கு மேடம். இதிலதான் சிரிச்சோண்டு இருக்காரு."

மேடத்துக்கு உண்மையாகவே வருத்தமாகத்தான் இருந்தது, நான் பார்த்தேன். ஆனால் அந்தப் படம் மிஷனுடையது, தனி ஆளுக்குக் கொடுக்க வழியில்லை. "அவர் இனிமேல் உங்களுடையவர் மட்டுமல்ல அம்மா" என்றார். "நாங்கள் அவரை எங்கும் கொண்டுபோவோம். அடுத்த மையத்திலும் இதே படத்தைத்தான் வைக்கப் போகிறோம்."

விமலகுமாரி கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள். நேராக என் கடைக்கு வந்து, பழம்பொரிக்கு ஏத்தன் வாழைப்பழம் அரிகிற கத்தியைக் கேட்டாள். எதற்கென்று நான் கேட்கவில்லை. சேலையில் துடைத்துக் கொடுத்தேன். மோகனன் கடை பெஞ்சைத் தூக்கிக்கொண்டு போய் கேட்டடியில் போட்டான், அவள் ஏறினாள், அவன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டான். வாட்ச்மேன் விசிலை வாயில் வைத்தான், ஊதவில்லை, வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவள் அவசரப்படவில்லை. காது கிழியாமல், நெற்றி குறையாமல், நீலச் சட்டையின் காலர்வரை சேர்த்து, தையல்காரர் வீட்டுக்காரி மாதிரியே வளைவு பார்த்து வெட்டி எடுத்தாள். கீழே இறங்கி முந்தானையால் தூசியைத் துடைத்தாள். அவர் முகம் மடங்கிவிடாமல் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கத்தியை என்னிடம் திருப்பித் தந்தாள்.

"வாறேன் சத்யபாமா" என்று சொல்லிவிட்டு, வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள்.

இது நடந்து மாதங்கள் ஆகின்றன. மிஷன் அந்தப் பிளெக்ஸைக் கழற்றவும் இல்லை, தைக்கவும் இல்லை. அவர்கள் பராமரிப்பது வாகனங்களை மட்டும்தானாம், பிளெக்ஸ் அதில் வராதாம். முகம் இருந்த இடத்தில் ஒரு ஓட்டை. என் கடை பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தால் அந்த ஓட்டை வழியாக உள்ளே தட்டைச் சக்கரத்தில் நிற்கிற வேன் தெரியும், அதில் ஒரு சீட்டைத் துடைத்துக்கொண்டிருக்கிற மோகனன் தெரிவான். கீழே எழுத்து அப்படியேதான் இருக்கிறது, எங்கள் முதல் பயனாளி என்று. பஸ்ஸுக்கு நிற்கிற காலேஜ் பிள்ளைகள் அதை வாசித்துவிட்டு, அந்த அக்கா ஏன் டீயில் இவ்வளவு சர்க்கரை போடுகிறாள் என்று தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள்.